குலசாமிக்கு ஒரு அரசியல் சட்டம்

என் அப்பா இறந்து எட்டு வருஷம் ஆகியும் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குத் தவறாமல் வரி கட்டிக்கொண்டிருந்தார். ரசீதுகளில் அப்படித்தான் இருந்தது. பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது மட்டும் நான்.

எங்கள் திருப்பூர்ப் பக்கத்தில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு குலசாமி உண்டு. கூட்டம் என்றால் ஒரே வம்சத்தில் வந்த பங்காளிகள். கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. வருஷா வருஷம் தலைக்கட்டு வரி கட்டுகிறவனுக்குத்தான் கோயில் கூட்டத்தில் பேச்சு உண்டு, கை தூக்க உரிமை உண்டு. பெண்ணாகப் பிறந்தவளுக்குக் கல்யாணம் வரை அப்பாவின் சாமி, பிறகு புருஷன் வீட்டுச் சாமி. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொல்லி, கடைசியில் எது நிஜம் என்று எனக்கே மறந்துபோயிற்று. கூடப் பிறந்த ஆண் யாரும் இல்லை. ஆக, அப்பா போனபின் எங்கள் வீட்டில் தலை இருந்தது, தலைக்கட்டு இல்லை.

பல்லடம் ரோட்டில் குழந்தைகள் பனியன் தைக்கும் எங்கள் கம்பெனியை அப்பாவுக்குப் பிறகு நான் நடத்துகிறேன். ஜிஎஸ்டி என் பெயரில், கரண்ட் பில் என் பெயரில், வங்கிக் கடன் என் பெயரில். அரசாங்கம் என்னிடம் வாங்காத வரி இல்லை. அந்த விஷயத்தில் அரசாங்கத்துக்கு ஆண் பெண் வித்தியாசமே கிடையாது. குலசாமி ஒன்றுதான், வாங்கினால் செத்துப்போன அப்பாவிடம்தான் வாங்குவேன் என்று அடம்பிடித்தது.

சாமியின் சார்பில் அடம்பிடித்தவர் பொருளாளர் சித்தப்பா. சோமனூரில் தறி ஓட்டுகிறவர். அப்பாவுக்குப் பங்காளி, பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. ஒவ்வொரு வருஷமும் எங்களுக்குள் ஒரே சண்டை, அதுவும் வசனம் மாறாமல் நடக்கும்.

"என்ற பேருக்கு ரசீது போடுங்க சித்தப்பா."

"பொம்பளைப் புள்ள பேருல போடற வழக்கம் இல்லீங் கண்ணு. சாமி கோவிச்சுக்கும்."

"சாமியே பொம்பளைதானுங்களே."

"அதனாலதான் கோவம் சாஸ்தி" என்பார், பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே. அப்பா பெயரை அழகாக, கொம்பு சுழி எல்லாம் வைத்து எழுதுவார். எனக்கு அந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

கோயிலை ஒட்டிக் கல்யாண மண்டபம் கட்டுவது என்று பங்காளிகள் முடிவு செய்தபோதுதான் விஷயம் வேறு பக்கம் திரும்பியது. மண்டபத்துக்கு வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குக்குப் பதிவு வேண்டும், பதிவுக்கு பைலா என்று எழுதிவைத்த சட்டதிட்டம் வேண்டும் என்றார் ஆடிட்டர். அதுவரை எல்லாம் வாய்ச்சொல்லில் நடந்துவந்தது. எழுதாத அரசியல் சட்டத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளியது இங்கிலாந்தும் எங்கள் குலசாமியும்தான் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தில் மண்டபம் கட்டவில்லை போலிருக்கிறது.

கோயில் தலைவர் எனக்குப் பெரியப்பா முறை. எங்கள் கூட்டத்திலேயே பெரிய எக்ஸ்போர்ட்டர். அவர் கோயில் கூட்டத்தில் எழுந்து, "பைலா எழுத வெளியாளு எதுக்குங்க? நம்ம புள்ள இருக்குது. வெள்ளைக்காரன்கூடவே அக்ரிமென்ட் பேசி ஜெயிக்குது. அது எழுதட்டும்" என்றாராம். கூட்டத்தில் எனக்கு இடம் இல்லாததால் இதைப் போனில்தான் தெரிந்துகொண்டேன். குடியுரிமை இல்லாத ஒருத்தியைக் கூப்பிட்டு நாட்டுக்குச் சட்டம் எழுதச் சொல்கிறார்கள் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்து, "சரிங்க பெரியப்பா" என்றேன்.

"பக்கத்துக் கோயில் பைலா ஒண்ணு வாங்கித் தர்றேன். பாத்து அப்படியே அடிச்சிருங்க கண்ணு" என்றார். நான் அதை வாங்கிக்கொண்டேன். கூடவே கடையில் இந்திய அரசியல் சட்டத்தின் தமிழ்ப் புத்தகம் ஒன்றையும் வாங்கினேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒரு ஆர்டர் கொடுக்கும்போது ரெஃபரன்ஸ் சாம்பிள் என்று ஒரு உருப்படி அனுப்புவான். அதைப் பார்த்துத்தான் நாம் தைக்க வேண்டும். சட்டத்துக்கும் ஒன்று இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

கட்டிங் டேபிள் பக்கத்தில் நாற்காலி போட்டு அதைப் படித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காக மனப்பாடம் செய்தபோது அது இத்தனை துணிச்சலான சமாசாரம் என்று எனக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்தில் ஓட்டு என்பது வரி கட்டியவனுக்கு, நிலம் வைத்திருப்பவனுக்கு, படித்தவனுக்கு. எங்கள் தலைக்கட்டு மாதிரியேதான். அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தவர்கள், அதில் பெண்களும் உண்டு, கிட்டத்தட்ட மூன்று வருஷம் பேசிப் பேசி, வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று முதல் நாளிலிருந்தே வைத்துவிட்டார்கள். வரி கட்டினாயா, கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்கவில்லை. அப்போது நாட்டில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்தான் அதிகம். "படிக்காதவனுக்கெல்லாம் ஓட்டைக் குடுத்துக் கெடுத்துட்டாங்க" என்று எங்கள் ஊர்ப் பேக்கரிகளில் இன்றைக்கும் டீ குடித்துக்கொண்டே சொல்கிறார்கள். சொல்கிறவர் படித்திருப்பார் என்று நினைக்க வேண்டாம்.

பெரியப்பா எனக்குக் கொடுத்த அவகாசம் ஆடி முடியும்வரை.

அரசியல் சட்டத்தின் முகவுரையில் நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று நான்கு சொல். இதில் கடைசிச் சொல்லுக்கு எங்கள் கூட்டத்தில் பஞ்சமே இல்லை. எல்லோரும் அண்ணன் தம்பிகள்தான். திருப்பூர் கோர்ட்டில் வரப்பு வழக்கு, பாகப்பிரிவினை வழக்கு என்று அத்தனையும் அண்ணன் தம்பிகளுக்குள்தான் நடக்கிறது. மற்ற மூன்றும்தான் புதுச் சரக்கு.

பக்கத்துக் கோயில் பைலாவில் உறுப்பினர் என்பதற்கு, வரி செலுத்தும் ஆண் தலைக்கட்டுகள் என்று இருந்தது. அதை அடித்துவிட்டு, "இக்குலத்தில் பிறந்த, பதினெட்டு வயது நிறைந்த, ஆண் பெண் ஒவ்வொருவரும், மணமானவராயினும் ஆகாதவராயினும், உறுப்பினர் ஆவர்" என்று எழுதினேன். வரி என்ற சொல்லை அந்தப் பக்கத்திலிருந்தே எடுத்துவிட்டேன். வரியைக் காரணம் காட்டித்தானே எட்டு வருஷமாக என்னை வெளியே நிறுத்தினார்கள்? எழுதி முடித்ததும் நானே நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கிக் கொடுத்துவிட்ட மாதிரி ஒரு மிதப்பு.

அப்போது பக்கத்தில் புத்தகம் திறந்து கிடந்தது. சாதி, மதம், ஆண் பெண், பிறந்த இடம் எதையும் பார்த்து வேற்றுமை காட்டக் கூடாது என்று சொல்கிற பக்கம். 'இக்குலத்தில் பிறந்த' என்று நான் எழுதியிருந்த இடத்தை அது ஒரு மாதிரி பார்த்தது. எனக்கு வேண்டிய அளவு சமத்துவம் வந்தாகிவிட்டது என்று தோன்றவே, புத்தகத்தை மெதுவாக மூடிவைத்தேன். எல்லா நாட்டுச் சட்டமும் இப்படி ஏதோ ஓர் இடத்தில் மூடிவைக்கப்பட்டுத்தான் முடிந்திருக்கும்.

பைலாவை ஒப்புக்கொள்ளும் கூட்டம் கோயில் மரத்தடியில் நடந்தது. எழுதியவள் என்பதால் வாசித்துக்காட்ட மட்டும் எனக்கு அனுமதி. இது பல தேசத்துச் சட்டங்களைப் பார்த்து எடுத்த நம் நாட்டுச் சட்டத்தைப் பார்த்து எடுத்தது என்று ஆரம்பித்தேன்.

"அப்ப காப்பியா?" என்றார் ஒருவர்.

"கழுத்து ஒரு சாம்பிள்ல, கை ஒரு சாம்பிள்ல எடுத்து, அளவு நம்ம உடம்புக்கு வெட்டிக்கறமில்லீங்க, அந்த மாதிரிங்க" என்றேன். திருப்பூரில் இதைவிட மரியாதையான விளக்கம் கிடையாது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

பிறகு நோக்கம், கொள்கை, உறுப்பினர் பகுதிகளை வாசித்தேன். ஆண் பெண் ஒவ்வொருவரும் என்ற இடத்தைக் குரலை உயர்த்தி, நிறுத்தி, வேண்டுமென்றே இரண்டு தடவை வாசித்தேன். பின்னால் திருட்டுப் பட்டம் வரக்கூடாது பாருங்கள். ஒரு தலை நிமிரவில்லை. பாதிப் பேர் போனில் நூல் விலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் ஊரில் எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் சுவரில் பையர் கொடுத்த நடத்தை விதி கண்ணாடி போட்டுத் தொங்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் வேற்றுமை இல்லை என்று அதிலும் இருக்கும். அதற்கு நேர் கீழே ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி வாங்கிக்கொண்டு போவார்கள். கொள்கை என்பது மாட்டிவைப்பதற்கு என்றுதான் பங்காளிகள் பழகியிருந்தார்கள். நோக்கமும் கொள்கையும் முடியட்டும், சரக்கு அப்புறம்தான் வரும் என்று காத்திருந்தார்கள்.

சரக்கு வந்ததும் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் எந்த வரிசையில், மண்டபத்தை வெளியாளுக்கு விட்டால் வாடகை என்ன என்று மத்தியானம் வரை போயிற்று. பரிவட்டத்துக்கு மட்டும் மூன்று திருத்தம். பொருளாளர் சித்தப்பா ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக நின்றார்.

"நாளைக்கு எளவட்டப் பசங்க வந்து இதையெல்லாம் மாத்திப்போடுவானுங்க. மாத்தோணும்னா மொத்த உறுப்பினருல முக்காவாசிப் பேரு ஒத்துக்கோணும்னு போடுங்க கண்ணு. ஆரும் கை வெக்கக் கூடாது."

"நெம்ப சரிங்க சித்தப்பா" என்று உடனே எழுதிக்கொண்டேன். அவர் சொல்லி நான் மறுபேச்சில்லாமல் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கே கொஞ்சம் சந்தேகமாக இருந்திருக்க வேண்டும், என்னை ஒரு தரம் பார்த்தார்.

கடைசியில் பெரியப்பா எல்லாப் பக்கத்தையும் வாங்கினார். பக்கங்களை விரலால் ஓட்டினார், தையலைப் பார்த்தார், ஓரம் வெட்டியது நேராக இருக்கிறதா என்று பார்த்தார். பேனாவை எடுத்து, முதல் பக்கத்துத் தலையில் 'ஓகே ஃபார் பல்க்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். சாம்பிளைப் பார்த்து, சரி, மொத்தமாகத் தைக்கலாம் என்று உத்தரவு கொடுக்கும்போது எழுதுகிற வாசகம் அது. காலமெல்லாம் எழுதிப் பழகிய கை, தானாக எழுதிவிட்டது. அதைப் பார்த்த அடுத்தடுத்த பங்காளிகளும் அதற்குக் கீழேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.

பதிவும் ஆயிற்று. அதற்கப்புறம்தான் ஆடிட்டர் பொருளாளரைக் கூப்பிட்டு, உறுப்பினர் பதிவேடு பைலாப்படி எழுத வேண்டும், கட்டிக்கொடுத்த பெண்கள் உட்பட என்று சொல்லியிருக்கிறார். சித்தப்பா அடுத்த அரைமணியில் டிவிஎஸ்ஸை என் கம்பெனி வாசலில் நிறுத்தினார்.

"ஏனுங் கண்ணு, இப்பிடிப் பண்ணிப்போட்டீங்களே?"

"படிச்சுத்தானே காட்டினேன் சித்தப்பா. ரெண்டு தடவை."

"படிச்சீங்க. நாங்க கேக்கோணுமல்ல?" என்றார்.

அவசரக் கூட்டம் கூட்டினார்கள். இந்த முறை பைலாப்படி நானும் உறுப்பினர் என்பதால் போய் உட்கார்ந்தேன். எழுந்து போ என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை, வா என்றும் யாரும் சொல்லவில்லை. மருமகன்களெல்லாம் வந்து சட்டம் பேசுவார்கள் என்றார் ஒருவர். ஊத்துக்குளியில் கட்டிக்கொடுத்த பெண் இங்கே வந்து கை தூக்கினால் அந்த ஊர்ச் சாமி என்ன நினைக்கும் என்றார் இன்னொருவர். இத்தனை நாளாக இல்லாத பழக்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். இங்கே அந்த விதியை அடித்துவிட்டால் இனி ஆயுசுக்கும் அப்பா பெயரில்தான் ரசீது என்று எனக்குத் தெரியும்.

பெரியப்பா பைலாவின் முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையெழுத்து, தன் தேதி. பிறகு நிமிர்ந்தார்.

"இது தப்பா சரியான்னு எனக்குத் தெரியாதுங்க. படிச்சுப் பாக்காம அப்ரூவ் பண்ணுனது என்ற தப்பு. ஆனா அப்ரூவ் பண்ணிப்போட்டு அப்புறம் மாத்தறது பையர் பண்ற வேலைங்க. அவனால நாம எத்தனை பேரு கண்ணீர் உட்டிருக்கறோம்? அந்த வேலையை நான் பண்ண மாட்டேன்."

மரத்தடியில் இருந்தவர்கள் எல்லோரும், ஏதோ ஒரு வருஷம், ஓகே சொன்ன நிறத்தைப் பிடிக்கவில்லை என்று பையர் திருப்பிவிட்ட சரக்கைக் கிலோக் கணக்கில் அடிமாட்டு விலைக்கு விற்றவர்கள். ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். சமத்துவம் எங்கள் குலத்துக்குள் சமத்துவமாக வரவில்லை. கெட்டுப்போன ஆர்டர்களின் நினைப்பில் ஏறி வந்தது. வந்த வழி எப்படியோ இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சித்தப்பா மட்டும் விடவில்லை. "பையர் கதை வேறீங்க. சட்டப்படி திருத்திக்கலாமல்ல?" என்றார்.

"தாராளமாங்க. மொத்த உறுப்பினர்ல முக்கால்வாசிப் பேர் ஒத்துக்கிட்டா போதும்" என்றார் ஆடிட்டர். "இப்ப உறுப்பினர்ல பாதிப் பேர் பெண்கள்ங்க."

யார் வைத்த விதி அது என்று எல்லோருக்கும் நினைவிருந்தது. சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

உறுப்பினர் பதிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். முதல் ஆளாக நிற்க வேண்டும் என்று விடிந்ததும் போய்விட்டேன். எனக்குப் பின்னால் பார்த்தால், நான் எதிர்பார்க்காத கூட்டம். கட்டிக்கொடுத்த பெண்கள் பல்லடம் பஸ்ஸில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பிறந்த ஊர்ச் சாமியைப் பார்க்க ஒரு சாக்குக் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தவர் சித்தப்பாதான். அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே புதுச் சேலை கட்டிப் போயிருந்தேன் என்றால் பொய்யில்லை.

அவர் பதிவேட்டைத் திறந்தார். பழைய தலைக்கட்டு வரிசையில் அப்பாவின் பெயர் இருந்தது, அதே கொம்பும் சுழியும்.

"செத்தவங்க பேரை எல்லாம் அடிக்கோணும்னு ஆடிட்டர் சொல்லிப்போட்டாருங் கண்ணு. இருக்கறவங்க மட்டும்தான் உறுப்பினராமா. உங்க பேரு ஏறோணும்னா இது எறங்கோணும்."

"அடிங்க சித்தப்பா" என்றேன்.

அவர் அடிக்கவில்லை. பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"என்னால ஆகாதுங்க. ஒவ்வொரு வருசமும் அடிச்சுப்போட்டு உங்க பேரை எழுதலாம்னு பாப்பேன். கை வராது. அவன் பேருல ரசீது எழுதற அன்னைக்கு ஒரு நாளாவது அவன் இருக்கற மாதிரி இருக்கும். வழக்கம் அது இதுன்னு சொன்னதெல்லாம் சும்மா உங்ககிட்டச் சொல்றதுக்குங்க." கொஞ்சம் யோசித்து, நேர்மையாக, "பாதி சும்மா" என்றார்.

எனக்கு இருந்த எட்டு வருஷக் கோபம் போன இடம் தெரியவில்லை. இத்தனை வருஷம் இந்த மனுஷனோடு சண்டை போட்டதில் நான் ஒரு விஷயத்தைக் கவனிக்கவே இல்லை. அப்பாவின் பெயரை உயிரோடு இருப்பவர்கள் வரிசையில் வைத்திருந்த கடைசி இடம் இந்தப் பதிவேடு. வங்கியில் அடித்தாகிவிட்டது, ரேஷன் அட்டையில் அடித்தாகிவிட்டது, கம்பெனிப் பலகையில் மாற்றியாகிவிட்டது. அங்கெல்லாம் நானேதான் முன்னால் நின்று அடிக்கச் சொன்னேன், கண் கலங்கவில்லை. இங்கே கண்ணை மறைத்தது. 'ஒவ்வொருவரும்' என்று தயங்காமல் எழுதினவளுக்கு, ஒரு கோடு இழுக்க வரவில்லை.

"அக்கா, சீக்கிரமுங்க, பஸ் போயிருமுங்க" என்றாள் வரிசையில் பின்னால் நின்ற ஒருத்தி.

கோட்டை இழுத்தேன். நேராக வரவில்லை. சித்தப்பா பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, புதுப் பக்கம் திருப்பி, வேட்டியில் ஒரு தரம் நிப்பைத் துடைத்தார்.

"பேரு சொல்லுங்க" என்றார்.

நான் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர். தெரியாமல் கேட்கவில்லை. ஒவ்வோர் எழுத்தாகத் தெளிவாகச் சொன்னேன். அவர் கொம்பும் சுழியும் வைத்து எழுதினார்.